உலர் கப்பிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோலில் கப்பு வைத்து இழுக்கும் கப்பிங் சிகிச்சைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "வலிக்குமா?" என்பதுதான். அடுத்தது "கப்பு வைத்த தடம் எத்தனை நாளில் போகும்?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் கேட்காமல் விட்டுவிடும் கேள்விகள் அவற்றைவிட முக்கியமானவை. என் உடம்புக்கு இது பொருந்துமா, நான் சாப்பிடும் மாத்திரைக்கும் இதற்கும் ஏதாவது சிக்கல் வருமா, இந்த வலிக்கு முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? கப்பு வைத்துச் சிகிச்சை செய்பவர்கள் இவற்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

உலர் கப்பிங் என்றால் என்ன? ஹிஜாமாவும் இதுவும் ஒன்றா?

தோலின் மேல் ஒரு கப்பைக் கவிழ்த்து, அதனுள் இருக்கும் காற்றைக் குறைத்தால் தோலும் அதன் கீழே உள்ள சதையும் கப்புக்குள் மேலெழும். சில நிமிடங்கள் அப்படியே விட்டுவிட்டு எடுத்துவிடுவார்கள். இதுதான் உலர் கப்பிங். தோலைக் கீறுவதில்லை, ரத்தம் எடுப்பதில்லை.

ஹிஜாமா என்று பலர் சொல்வது ஈர கப்பிங். அதில் தோலில் சின்னச் சின்னக் கீறல்கள் போட்டு, கப்பு வைத்து ரத்தத்தை வெளியே இழுப்பார்கள். தோல் கிழிபடுவதால் தொற்று அபாயம் அதில் மிக அதிகம். இந்தப் பக்கத்தில் உள்ளதெல்லாம் உலர் கப்பிங் பற்றியது மட்டுமே. நீங்கள் உலர் கப்பிங் என்று நினைத்துப் போன இடத்தில் பிளேடையோ ஊசியையோ எடுத்தால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அதைச் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

இது புது வழக்கமா?

இல்லை. ஹிப்போகிராடிசின் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் கப்பிங் பேசப்படுகிறது. சுசுருத சம்ஹிதை என்னும் பழைய ஆயுர்வேத நூல் கொம்பையும் சுரைக்குடுக்கையையும் வைத்து ரத்தம் இழுக்கும் முறையை விவரிக்கிறது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரிலிருந்து வெண்கலக் கப்புகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. சீனாவில் மூங்கில் கப்புகள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் வட்டத் தடங்களைப் பார்த்த பிறகு உலகம் முழுக்க மறுபடியும் பேச்சு கிளம்பியது.

இவ்வளவு காலமாக இருக்கிறது என்பதால் பலன் உறுதி என்று ஆகிவிடாது. ரத்தத்தை வடித்துவிட்டால் காய்ச்சல் போகும் என்பதும் பல நூற்றாண்டுகள் நம்பப்பட்டதுதான்.

கப்புக்குள் இழுப்பு எப்படி உண்டாகிறது?

மூன்று வழிகள் உண்டு. கண்ணாடிக் கப்புக்குள் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுத் தீயை ஒரு கணம் காட்டி எடுத்து, சட்டென்று தோலில் கவிழ்ப்பது பழைய முறை. சூட்டில் விரிந்த காற்று ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, தோல் மேலே ஏறுகிறது. பிளாஸ்டிக் கப்பில் மேலே ஒரு வால்வு இருக்கும், கைப்பம்பை மாட்டி இழுப்பார்கள். சிலிக்கான் கப்பை விரலால் அமுக்கி வைத்து விட்டாலே போதும்.

எந்த முறைக்கும் மற்றதைவிடக் குணப்படுத்தும் சக்தி கூடுதல் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கப்பிங்கால் வரும் கடுமையான தீக்காயங்கள் தீயை வைத்துச் செய்யும் முறையில் வருகின்றன. ஸ்பிரிட் சொட்டுகிறது, கப்பின் விளிம்பு சூடாகிவிடுகிறது, தலைமுடிக்கோ துணிக்கோ பற்றுகிறது. கைப்பம்பில் இந்த ஆபத்து எதுவும் இல்லை, இழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும் வால்வைத் தூக்கி நொடியில் விடுவிக்கவும் முடியும். எனக்குக் கேட்டால், முதல் முறை வருகிறவர் பம்பு கப்பையே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வலிக்குமா?

இறுக்கமாக இருக்கும், வலிக்கக் கூடாது. குப்புறப் படுத்திருக்கிறீர்கள், முதுகில் கொஞ்சம் எண்ணெய் தடவுகிறார்கள், தோள்பட்டைச் சதையில் முதல் கப்பை வைத்துப் பம்பை இரண்டு முறை இழுக்கிறார்கள். தோலைப் பிடித்து மேலே தூக்குவது போன்ற உணர்வு வரும். முதல் அரை நிமிடம் கொஞ்சம் விநோதமாக இருக்கும், அப்புறம் அந்த இடம் வெதுவெதுப்பாகி, பலருக்கு உடம்பு தளர்ந்து தூக்கம்கூட வந்துவிடும். கப்பை எடுக்கும்போது விளிம்பில் விரலால் தோலை அழுத்தினால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும், கப்பு தானாகக் கழன்றுவிடும். அப்படியே பிய்த்து இழுக்கக் கூடாது.

எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், வயிற்றைப் பிரட்டுதல் இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். "பொறுத்துக்குங்க, அப்பதான் கெட்டது வெளியே வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவரின் தசை இறுகத்தான் செய்யும், தளராது.

எவ்வளவு நேரம் வைப்பார்கள்?

பொதுவாக 5 முதல் 10 நிமிடம், சிலர் 15 வரை வைப்பார்கள். முதல் முறைக்கு 5 நிமிடமே தாராளம். நேரம் கூடக் கூட கொப்புளம் வரும் வாய்ப்பும் கூடும். கப்பை வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடும் தெரபிஸ்ட்டிடம் மறுபடி போகாதீர்கள்.

எண்ணெய் தடவி, இழுப்பைக் குறைத்து, கப்பை முதுகில் மேலும் கீழுமாக நகர்த்தும் முறையும் உண்டு. அதில் ஒரே இடத்தில் இழுப்பு நிற்காததால் அடர்ந்த வட்டங்களுக்குப் பதில் பரவலான சிவப்பு வரும். தடம் வெளியே தெரியக் கூடாது என்பவர்களுக்கு இது ஒத்துவரும்.

அந்த வட்டத் தடங்கள் ஏன் வருகின்றன? எப்போது போகும்?

தோலுக்கு அடியில் இருக்கும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் இழுப்பில் கசிகின்றன. கசிந்த ரத்தம் தோலுக்குள்ளேயே தங்குவதால் நிறம் மாறித் தெரிகிறது. எங்காவது இடித்துக்கொண்டால் கன்றிப்போகிறதே, அடிப்படையில் அதுவேதான். உடம்பு அந்த ரத்தத்தைச் சிதைத்து உறிஞ்சிக்கொள்ளும்போது சிவப்பு ஊதாவாகி, பழுப்பாகி, மஞ்சளடித்து மறையும். பெரும்பாலும் சில நாட்களிலிருந்து 2 வாரத்துக்குள் போய்விடும்.

மாநிறம், கறுப்பு நிறத் தோல் உள்ளவர்களுக்கு ஒரு சொல் கூடுதலாக. நம் தோல் சின்ன உரசலுக்கும் கறுத்துப்போகும் இயல்புடையது. ரத்தக் கசிவு மறைந்த பிறகும் அந்த வட்டத்தின் விளிம்பில் ஒரு கருமை மாதக்கணக்கில் தங்கிவிடலாம். பருவோ கொசுக்கடியோ ஆறிய பின் உங்களுக்குக் கரும்புள்ளி நெடுநாள் நிற்குமென்றால், கப்பிங்கிலும் அப்படி ஆகலாம் என்று எதிர்பாருங்கள். அதை முன்கூட்டியே சொன்னால் இழுப்பையும் நேரத்தையும் குறைத்துச் செய்யலாம். அதே இடத்தில் பழைய தடம் மறையும் முன் மறுபடி கப்பு வைப்பதுதான் கருமைக்கு வழி வகுக்கிறது. கல்யாணம், போட்டோ, நீச்சல் என்று ஏதாவது இருந்தால் குறைந்தது 2 வாரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

தடம் கறுப்பாக வந்தால் உடம்பில் நச்சு அதிகம் என்று அர்த்தமா?

இல்லை. கப்பிங் பற்றிச் சொல்லப்படுவதில் மிக அதிகமாகப் பரவியிருக்கும் பொய் இது. உடம்பின் கழிவைப் பிரித்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. தோலுக்கு மேல் வைக்கும் ஒரு கப்பு ரத்தத்திலிருந்து நச்சை மட்டும் பிரித்து எடுக்காது. தடத்தின் அடர்த்தி எதைப் பொறுத்தது என்றால், எவ்வளவு பலமாக இழுத்தார்கள், எத்தனை நிமிடம் வைத்தார்கள், அந்த இடத்துத் தோல் எவ்வளவு மெல்லியது, உங்கள் ரத்தக் குழாய்கள் எவ்வளவு சுலபமாகக் கசியும் என்பதையெல்லாம் பொறுத்தது. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரின் முதுகில் பம்பை ஆறேழு முறை இழுத்துக் கால் மணி நேரம் விட்டால் கரேலென்று வட்டம் வரத்தான் செய்யும்.

இந்த நம்பிக்கையால் வரும் கெடுதல் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. "நல்லா கறுப்பா வரணும்" என்று வாடிக்கையாளரே கேட்கிறார், செய்பவரும் அவரைத் திருப்திப்படுத்த இழுப்பைக் கூட்டுகிறார். கடைசியில் முதுகு முழுக்கக் கொப்புளம். தடமே இல்லாமல் முடிந்த சிகிச்சை வீணான சிகிச்சை அல்ல. தடத்தைப் பார்த்து "உங்களுக்கு ஈரலில் பிரச்சினை" என்று நோய் சொல்கிறவரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் உண்மையில் எதற்குத்தான் பயன்படும்?

தசை இறுக்கத்தாலும் பிடிப்பாலும் வரும் கழுத்து, தோள்பட்டை, முதுகு வலிக்குத் தற்காலிக ஆறுதல் தரலாம். இதைத்தான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

ஆய்வுகள் நிறையவே நடந்திருக்கின்றன. நாட்பட்ட கழுத்து வலியிலும் முதுகு வலியிலும் குறுகிய காலத்துக்கு வலி குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, தரத்திலும் சுமாரானவை. அடிப்படையில் ஒரு சிக்கல் இருக்கிறது: மாத்திரை என்றால் வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம், கப்பு வைத்ததா வைக்கவில்லையா என்பது படுத்திருப்பவருக்குத் தெரிந்துவிடுமே? அதற்காக, சின்ன ஓட்டை போட்டு இழுப்பு கசிந்துவிடும்படி செய்த பொய்க் கப்புகளைச் சில ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். பிரேசிலில் நாட்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 90 பேரிடம் 8 வாரம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. அதில் உண்மைக் கப்பு பொய்க் கப்பைவிட மேலாக எதையும் செய்யவில்லை. ஃபைப்ரோமயால்ஜியா எனும் உடம்பு முழுதும் வலிக்கும் நோயிலும் இதே மாதிரி முடிவு வந்திருக்கிறது.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பது, ஒருவர் அக்கறையோடு தொட்டுக் கவனிப்பது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு, இழுப்பின் உணர்வு மூளைக்குப் போகும் வலிச் செய்தியைக் கொஞ்ச நேரம் மங்கச் செய்வது, எல்லாம் சேர்ந்தே அந்த ஆறுதலைத் தருகிறது என்று நினைக்கிறேன். ஆறுதல் உண்மையானது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த இரண்டு மூன்று நாள் லேசாக இருக்கும்போதே கழுத்துப் பயிற்சியைத் தொடங்குங்கள், உட்காரும் முறையை மாற்றுங்கள், நடங்கள். வலி திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தைராய்டு, குழந்தையின்மை குணமாகுமா?

ஆகாது. இவற்றுக்கான மாத்திரையை நிறுத்திவிட்டுக் கப்பிங் செய்துகொள்ளச் சொல்கிறவர் உங்கள் உயிரோடு விளையாடுகிறார்.

யாரெல்லாம் செய்துகொள்ளக் கூடாது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கப்பிங் வேண்டாம். ஸ்டென்ட் வைத்த பிறகு குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது. ஹீமோஃபிலியா போன்ற ரத்தக் கசிவு நோய் உள்ளவர்களுக்கும், ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பவர்களுக்கும் கூடாது. டெங்கு வந்து தேறியவர்கள் ரத்தப் பரிசோதனையில் தட்டணு சரியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே இதை யோசிக்கலாம்.

காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டைக்கால் வலித்தால் அது ஆழ்நாளத்தில் ரத்தக்கட்டாக இருக்கலாம். அங்கே கப்பு வைப்பதும் மசாஜ் செய்வதும் ஆபத்து, மருத்துவமனைக்குப் போங்கள். புடைத்துச் சுருண்ட நாளங்கள் மேலும் கப்பு வைக்கக் கூடாது.

புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடம், கதிர்வீச்சு கொடுத்த இடம், எலும்பு முறிந்த இடம், புதிதாகத் தையல் போட்ட இடம் எல்லாம் விலக்கு. காய்ச்சல் இருக்கும்போதும், தோலில் சிரங்கு, படை, அம்மை, வெயிலில் வெந்த எரிச்சல் இருக்கும்போதும் தள்ளிப்போடுங்கள். நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் தோல் காகிதமாக மெலிந்திருக்கும், லேசான இழுப்பிலேயே உரிந்துவிடும்.

பலருக்குத் தெரியாதது சொரியாசிஸ் பற்றியது. அந்த நோய் உள்ளவர்களுக்குத் தோலில் எங்கே காயம் பட்டாலும் அங்கே புதுப் படலம் கிளம்பலாம். கப்பின் வட்டத்திலேயே அச்சு எடுத்தாற்போல் சொரியாசிஸ் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. "இப்போது எனக்கு அடங்கியிருக்கிறது" என்றாலும் சொல்லிவிடுங்கள். காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

சர்க்கரை நோயால் கால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அந்தப் பகுதியில் வேண்டவே வேண்டாம். இழுப்பு அதிகமாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியாது, வந்த புண்ணும் சீக்கிரம் ஆறாது.

கர்ப்பமாக இருக்கும்போது?

வயிற்றிலும் கீழ்முதுகிலும் கூடாது. தோள்பட்டையில் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். பாதுகாப்புக்குப் போதுமான ஆதாரம் இல்லாத நிலையில், பிரசவம் ஆகும்வரை காத்திருக்கச் சொல்வேன்.

குழந்தைகளுக்கு?

வேண்டாம். குழந்தைகளின் தோல் மெல்லியது, அவர்களால் "போதும்" என்று சரியாகச் சொல்லவும் முடியாது. முதுகில் வட்டமாகக் கன்றிய தடத்தைப் பார்த்து, குழந்தையை யாரோ அடித்திருக்கிறார்கள் என்று பள்ளியும் மருத்துவமனையும் சந்தேகப்பட்டதும் உண்டு.

உடம்பில் எங்கெல்லாம் வைக்கக் கூடாது?

கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும், கண்ணைச் சுற்றி, மார்புக் காம்பு, தொப்புள், பிறப்புறுப்பு, அக்குள், தொடையிடுக்கு. நாடித்துடிப்பு கைக்குத் தட்டுப்படும் எந்த இடமும் கூடாது. மச்சம், மரு, கட்டி மேலும் வேண்டாம். முதுகெலும்பின் முடிச்சுகள் மேல் கப்பு சரியாகப் பிடிக்காது, வலிக்கவும் செய்யும். அதன் இரு பக்கமும் உள்ள சதைதான் சரியான இடம்.

தோலைக் கீறுவதில்லையே, தொற்று எப்படி வரும்?

கப்பின் விளிம்பு வியர்வை, எண்ணெய், உதிர்ந்த தோல் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. சில நேரம் சின்னக் கொப்புளம் உடைந்து நீரோ ரத்தமோ கப்புக்குள் படும். அதைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவர் முதுகில் வைத்தால் படர்தாமரையிலிருந்து சீழ்க்கட்டு வரை எதுவும் பரவலாம். ஒவ்வொருவருக்கும் பிறகு கப்பை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அப்புறம் கிருமிநாசினியில் அதற்குச் சொல்லப்பட்ட நேரம் முழுதும் ஊறவிட வேண்டும். ரத்தம் பட்ட பிளாஸ்டிக் கப்பு நேராகக் குப்பைக்கு. "கப்பை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஒழுங்காகச் செய்பவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

போவதற்கு முன்னும் வந்த பின்னும் என்ன செய்ய வேண்டும்?

வெறும் வயிற்றிலும் போகாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டும் போகாதீர்கள். கப்பு வைக்கும் இடத்தில் அன்றைக்கு ஷேவ் செய்ய வேண்டாம். சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள்.

முடிந்ததும் உடனே எழாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து எழுங்கள், சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அன்றைக்குக் கொதிக்கும் வெந்நீர்க் குளியல், நீராவிக் குளியல், கடும் உடற்பயிற்சி வேண்டாம். தடத்தின் மேல் சொறிவதோ அழுத்தித் தேய்ப்பதோ கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்காமல் மூடி வையுங்கள்.

வீட்டில் நாங்களே செய்துகொள்ளலாமா?

தீக் கப்பு கண்டிப்பாகக் கூடாது. சிலிக்கான் கப்பை வாங்கி, மேலே சொன்ன விலக்குகள் எதுவும் இல்லாதவர், தொடையிலோ கெண்டைக்கால் சதையிலோ லேசாக இரண்டு மூன்று நிமிடம் வைத்துப் பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. முதுகை உங்களால் பார்க்க முடியாது, அதனால் தனியாக முயற்சி செய்யாதீர்கள். கப்பை வைத்துக்கொண்டு தூங்கிவிடாதீர்கள்.

எத்தனை முறை செய்ய வேண்டும்?

இத்தனை என்று அறிவியல் கணக்கு எதுவும் இல்லை. பழைய தடம் முழுக்க மறையும்வரை அதே இடத்தில் கூடாது. மூன்று நான்கு தடவை செய்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள், முதல் தடவை உங்கள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எப்போது கப்பிங்கை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

முதுகு வலியோடு சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால், கால் வலுவிழந்தால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி இது, மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால் நிரந்தரமாகப் போகலாம். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் படுத்தாலும் குறையாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி, விழுந்த பின் வந்த வலி, இவற்றுக்கும் முதலில் பரிசோதனைதான்.

தோள்பட்டை வலி என்று நினைப்பது சில நேரம் இதயத்திலிருந்து வருவதாக இருக்கும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுவது, மூச்சுத் திணறல் இருந்தால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

கப்பிங் செய்த பிறகு அந்த இடம் நாளுக்கு நாள் அதிகமாகச் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தடம் இரண்டு மூன்று நாளில் மங்காமல் பெரிதாகிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கப்பிங் செய்தேன் என்பதை அவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்று மறைக்கிறவர்கள் நிறையப் பேர். தடம் எதனால் வந்தது என்று தெரியாவிட்டால் தேவையில்லாத பரிசோதனைகளுக்கு அவர் உங்களை அனுப்ப வேண்டி வரும்.

நடுவில் வேண்டாம் என்று தோன்றினால்?

"எடுத்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொன்ன அடுத்த நொடி கப்பு கழன்றிருக்க வேண்டும்.